சூளகிரியில் நின்ற காரும் ஓசூரில் பசித்த பிள்ளையும்

தேவையே இல்லாத ஒரு புது பேட்டரியை அன்று நான் வாங்கியிருக்க வேண்டுமா? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கணவரிடம் கேட்டால் சிரிக்கிறார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டால், "முடிஞ்சதப் பேசாதட்டி" என்கிறார். முடிந்ததுதான். ஆனால் துணி துவைக்கும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் அந்தக் கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. ஆகவே ஓசூரிலிருந்து நாகரசம்பட்டிக்குப் போய்த் திரும்பிய அந்த ஒரு நாள் பயணத்தை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரை மணிக்கு ஓசூரில் புறப்பட்டோம். போன வருடம், இரண்டாயிரத்து ஏழில், ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது வாரம். நாத்தனார் கவிதாவுக்கு நாகரசம்பட்டியில் வளைகாப்பு. அண்ணன் மனைவி வந்து வளையல் போடாமல் எப்படி என்று மாமனார் வீட்டில் கேட்பார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் என் மகள் ஹரிணிக்கு முந்தின நாள்தான் தடுப்பூசி போட்டிருந்தது. உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. வெளியே தூறல் வேறு. "பயணம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கணவர், "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றார்.

ஹரிணிக்கு அப்போது ஐந்து மாதம். தாய்ப்பால் தவிர வேறு எதுவும் தெரியாது. பாட்டிலைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். ஒரு வாரமாகப் பாலை எடுத்து பாட்டிலில் ஊற்றிப் பழக்கிப் பார்த்தேன். ஒரு வாய் குடித்தால் இரண்டு வாய் துப்பினாள். புறப்படும்முன் வயிறு நிறையக் கொடுத்தேன். எடுத்து வைத்த பால் ஃபிரிட்ஜில் இருந்தது. மதியம் ஒன்றரைக்குள் திரும்பிவிடுவேன் என்று கணவரிடமும், தூங்கிக்கொண்டிருந்த அவளிடமும் சொன்னேன்.

எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஓசூருக்குள் ஓட்டியிருக்கிறேன், நெடுஞ்சாலையில் தனியாகப் போனதில்லை. அதனால் ஸ்டெல்லா அக்காவைத் துணைக்கு அழைத்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குக் கம்பெனி வேலை கிடைத்து இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கண்ணை மூடி ஜெபம் செய்தார். "ரோட்டுக்குச் செஞ்சேன். உன் ஓட்டுதலுக்குத் தனியா ஒண்ணு செய்யணும்" என்றார்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து காவேரிப்பட்டணம் வழியாக நாகரசம்பட்டி இன்னும் இருபத்தைந்துக்குக் குறையாது. தூறலும் பனியும் சேர்ந்து எதிரே வரும் லாரியே தெரியவில்லை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள் விசிறி, மூன்றையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். கம்பெனி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னல்களில் தலை சாய்த்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை இந்நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தேன். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு டிராக்டருக்கு ஹாரன் அடித்தேன், அது விலகவில்லை.

"ஏட்டி, ஹாரனுக்குச் சளி பிடிச்ச மாதிரில்லா கேக்கு?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் மழையில் காது அடைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மாந்தோப்பை ஒட்டிய வீடு. பந்தலில் ஈரம் சொட்டியது. ஏழு வகைச் சோறு, சந்தனம், வளையல். கவிதாவின் கையில் வளையல் போடும்போது, "அண்ணி, பாப்பாவ ஏன் கூட்டிட்டு வரல? அண்ணன் பாப்பாவப் பாத்துக்கிதா, பாப்பா அண்ணனப் பாத்துக்கிதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனம் ஓசூரிலேயே இருந்தது.

பதினொரு மணிக்குச் சொல்லிக்கொண்டு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வர மனமில்லை. பெண்கள்தான் ஓடிவந்து தள்ளினார்கள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏழெட்டுப் பேர். கை நிறையப் புது வளையல்கள். "தள்ளுங்கடி, ஓசூருக்கே தள்ளிட்டுப் போயிடலாம்!" என்று கவிதாவின் மாமியார் கத்தினார். என்ஜின் உயிர் பெற்றபோது பின்னால் குலவைச் சத்தம் கேட்டது.

பந்தியிலிருந்தபடியே கணவரின் சித்தப்பா ஆலோசனை சொன்னார்: "பேட்டரி வீக்குமா. ஓட ஓடச் சார்ஜ் ஏறிக்கும். வீட்டுக்குப் போற வரைக்கும் வண்டிய ஆஃப் பண்ணிடாத."

அதுவே எனக்கு மந்திரமாயிற்று. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பணம் கொடுக்கும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"குடிச்சாளா?"

"நாலு வாய் குடிச்சா. நீ மெதுவா வா."

"பின்னாடி யார் அழறது?"

"அழுவுல. பாடுறா."

என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? அதன்பின் எதிரே வந்த எந்த ஊர்ப் பலகையும் எனக்கு ஊராகத் தெரியவில்லை. இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணாக மட்டுமே தெரிந்தது. குருபரப்பள்ளி போனது. மேலுமலை ஏற்றத்தில் கார் ஒருமுறை விக்கியது. உச்சியை எட்டும்போது ஸ்டியரிங்குக்கு எதிரே முன்பலகையில் மீட்டர் முட்கள் எல்லாம் ஒன்றாகத் துள்ளி விழுந்தன. இறக்கத்தில் என்ஜின் சத்தம் நின்றுவிட்டது. டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டெல்லா அக்கா இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்தார். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. ஓரமாக உருட்டிக்கொண்டே வந்து, சூளகிரிக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன்.

அவ்வழியே வந்த இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டுத் தள்ளிக் கொடுத்தார்கள். சர்வீஸ் ரோட்டில் "பேட்டரி, டைனமோ, செல்ஃப் வேலை இங்கு செய்யப்படும்" என்று எழுதிய தகரப் பலகை இருந்தது. ஆல்டர்நேட்டர் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்றுதான் சொல்வார்கள். என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்புவது அதுதான். கடைக்காரர் முனிராஜ், நாற்பது வயதிருக்கும். எங்களிடம் தமிழ், ஃபோனில் தெலுங்கு, டீக்கடைக்காரரிடம் கன்னடம் பேசினார். பேட்டரியில் ஒரு பல்பை வைத்துப் பார்த்தார். அது மினுக்கிவிட்டு அணைந்தது.

"பேட்டரி அவுட்டு மேடம். புதுசு இருக்கு. மாட்டுனா பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம்."

விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணம் கையில் இருந்தது. மாமனார் வீட்டில் வைத்துக் கொடுத்தது. ஆனால் இந்த பேட்டரி வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. நான் கல்யாணத்துக்கு முன் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். மசக்கையில் படுத்திருந்த நாட்களில் படிக்க வேறொன்றும் இல்லாமல் கார் கையேட்டை முழுக்கப் படித்தவள். ஏழு மாத பேட்டரி தானாகச் சாகுமா?

"அண்ணா, டைனமோ சார்ஜ் கொடுக்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"அதுக்கென்ன, பாத்துர்லாம்." டிராக்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய பேட்டரியை ஒயர் போட்டு இணைத்து என்ஜினை ஓட வைத்தார். உடனே ஸ்பேனரை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றப் போனார். கழற்றியதும் என்ஜின் நின்றால் டைனமோ கோளாறு, நிற்காவிட்டால் நல்லது. பழைய வண்டிகளில் எல்லோரும் செய்வதுதான்.

"ஓடும்போது கழட்டக்கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குங்கண்ணா. வண்டியோட கம்ப்யூட்டர் போயிடுமாம்."

"புத்தகம் போட்டவரு சூளகிரிக்கு வந்திருக்காரா மேடம்?"

"வந்தாம்னா அவன் வண்டியும் நின்னு போய்த்தான் வந்திருப்பான்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

முனிராஜ் சிரித்தார், ஒயரை விட்டுவிட்டார். "மீட்டர்ல பாக்கணும்னா, மீட்டருக்குள்ள இருக்கற பேட்டரி போயி ரெண்டு வருஷம்" என்று முள் ஆடும் பழைய மீட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். முள் மீட்டரில் வோல்ட் பார்க்க உள்ளே பேட்டரி தேவையில்லை என்று சொன்னேன். "அப்படியா?" என்று பிடித்தார். முள் பன்னிரண்டில் நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். பதினான்குக்கு ஏற வேண்டிய முள் அசையவே இல்லை.

"டைனமோதான் மேடம். பேட்டரி பாவம்." பிறகு ஓட்டுநர் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "சார்ஜ் இல்லாட்டி இங்க சிவப்பு லைட்டு எரியணுமே. எங்க காணோம்?"

முன்பலகைக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆயுத பூஜையன்று நான் வைத்த பொட்டு. அடுத்த பூஜை வரை துடைக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கம். முனிராஜ் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். உள்ளே பேட்டரிப் படம் போட்ட விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாட்களாக எரிகிறதோ! பொட்டின் ஓரத்தில் காலையில் ஒரு சிவப்பு தெரிந்தது உண்மை. குங்குமம்தானே என்று விட்டுவிட்டேன்.

"இது மேடம் தப்பில்ல" என்றார் முனிராஜ். "பூஜை முடிஞ்ச மாசம் எனக்கு இந்த மாதிரி நாலு வண்டியாச்சும் வரும்."

"அப்ப உமக்குத்தான்யா நல்ல பூஜை" என்றார் அக்கா.

கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் தவறினேனோ என்னவோ. "உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். மாத்துனா அரை மணி நேரம்" என்றார். சரி என்றேன். அவர் பெல்ட்டைத் தளர்த்தி டைனமோவைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அப்போது மணி ஒன்று.

பிரஷ் மாற்றி மறுபடி மாட்டியும் முள் ஏறவில்லை. திரும்பவும் கழற்றினார். உள்ளே மின்சாரத்தை அளவாக விடும் பாகமும் எரிந்துவிட்டதாம். "முழுசா மாத்திடலாம். ஓசூர்ல ரீகண்டிஷன் பண்ணது இருக்கு. பஸ்ல போட்டு விடச் சொல்றேன். அரை மணி நேரம்." ஃபோனை எடுத்துத் தெலுங்கில், "ஒரே, இப்புடே பஸ்லோ வேசெய் ரா" என்றார். இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கெல்லாம் ஓசூர் கடைகளிலிருந்து சாமான் இப்படித்தான் வருகிறது. கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு பஸ் நம்பரைச் சொல்வார்கள். இங்கே ரோட்டில் நின்று கைகாட்டி வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு ஃபோன் செய்தேன். கணவர் பேசியதே கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. "பாட்டிலத் தட்டி விடறா. நீ எப்ப வருவ?" அன்று முதல்முறையாக அவர் குரலில் பயத்தைக் கேட்டேன். வண்டி நின்றதைச் சொன்னேன். "சரி சரி, பதறாத" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

என் மார்பு கனத்து, தொட்டால் வலித்தது. பக்கத்து டீக்கடையில் யாருடைய குழந்தையோ அழுதது. எனக்குப் பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா அக்கா தன் பையிலிருந்து துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

அப்போது ஓசூர் பஸ் ஒன்று வந்து நின்றது. "ஏட்டி, நீ போ. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னைத் தள்ளினார். படியில் ஒரு காலை வைத்தேன். நான் போய்விட்டால் கார் தயாரானதும் யார் ஓட்டுவது? அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. அவரைத் தனியாக இந்த ரோட்டில் எத்தனை மணி நேரம் நிறுத்துவது? பஸ் பேரண்டப்பள்ளி, சிப்காட் என்று நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் டைனமோ வந்துவிட்டால்? கண்டக்டர், "ஏறும்மா, இல்ல எறங்கும்மா" என்றார். இறங்கினேன். பஸ் போனதும் ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

சாமான் வரும் பஸ் எதிர்த்திசையில், சாலைக்கு அந்தப் பக்கம் வர வேண்டும். முனிராஜ் வேலையாக இருந்ததால் அக்காவே குடையோடு ரோட்டைக் கடந்து போய் நின்றார். பஸ் நிற்கிற வேகத்தில் வரவில்லை. சூளகிரியில் நிற்க வேண்டும் என்பதையே மறந்து நேராகக் கிருஷ்ணகிரிக்குப் போகிற ஓட்டம் அது. அக்கா குடையை விரித்துச் சாலைக்குள் இரண்டடி வைத்துவிட்டார். பிரேக் சத்தத்தில் டீக்கடையே எழுந்து நின்றது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதாம்மா?" என்று டிரைவர் கத்தினார்.

"டைனமோவக் குடுத்துட்டுக் கத்துலே! அங்க ஒரு பச்சப்புள்ள பசியில கெடக்கு!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் சாக்கில் சுற்றிய பொட்டலம் கைமாறிக் கைமாறி ஜன்னல் வழியாக வந்துவிட்டது. ஒரு குழந்தையைப் போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா ரோட்டைக் கடந்து வந்தார். புடவை முழுக்க கிரீஸ்.

முனிராஜ் வேகமாக மாட்டினார். நெம்புகோல் கொடுத்து பெல்ட்டை இழுத்து இறுக்கினார். என் பேட்டரியையும் கொஞ்ச நேரம் சார்ஜரில் போட்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. மீட்டரின் முள் மெல்ல ஏறி பதினான்கைத் தொட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய டைனமோவைத் திருப்பிக் கொடுத்த கழிவு போக ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டா மேடம்? மொதல்ல நான் சொன்ன புது பேட்டரி மாட்டியிருந்தீங்கன்னா, டைனமோவே இல்லாம அதுலயே ஓசூர் போயிருப்பீங்க. இருபத்தஞ்சு கிலோமீட்டர்தானே. பகல்ல லைட்டு கூட வேணாம். நாளைக்கு அங்க மாத்திக்கிட்டிருக்கலாம்."

"அப்பவே ஏன்யா சொல்லல?" என்றார் அக்கா.

"அப்ப எனக்கு பேட்டரிதான் கோளாறுன்னு நெனப்பு. டைனமோவக் கழட்டுனப்பறம்தான் தோணுச்சு. என்ஜினக் குளிர வெக்கிற தண்ணி பம்பும் அதே பெல்ட்லதான் சுத்துது. கழட்டுனா வண்டி நகராது. பழசப் பிரிச்சுப் போட்டாச்சு, வேற வந்து மாட்டியே ஆகணும்."

எனக்கும் தோன்றவில்லையே! மீட்டரைப் படிக்கத் தெரிந்தவளுக்கு, நிறைந்த பேட்டரி ஒன்று எத்தனை தூரம் இழுக்கும் என்று கணக்குப் போடத் தெரியாமல் போயிற்றே. அவர் தவறாகச் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒன்றரை மணிக்கு என் பிள்ளை பால் குடித்திருக்கும். நான் சரியாகக் கண்டுபிடித்ததால் மூன்றரைக்கும் சூளகிரியில் நிற்கிறேன். ஆனால் அந்தப் புது பேட்டரியும் பேரண்டப்பள்ளிக் காட்டு வழியில் நின்றிருந்தால்? குளிர்காலத்தில் யானை கடக்கிற இடம் அது. யாருக்குத் தெரியும்?

அந்த இருபத்தைந்து கிலோமீட்டரும் முன்பலகையில் சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "ரோட்டப் பாரு" என்று அக்கா இரண்டு முறை அதட்டினார். ஓசூருக்குள் நுழையும்போது ஷிப்ட் விட்டு பஸ்களும் பைக்குகளும் சாலையை அடைத்திருந்தன. சிக்னலில் நின்ற ஒவ்வொரு நொடியும் என் காதில் அந்த அழுகை கேட்டது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அழுகை இல்லை. அதுதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

கணவர் கூடத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பனியனெல்லாம் பால். மடியில் ஹரிணி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வயிறு புடைத்திருந்தது. சூடும் குறைந்திருந்தது. பக்கத்தில் சின்ன எவர்சில்வர் டம்ளர்.

"டம்ளர்ல குடிச்சிட்டா வித்யா!" என்று கிசுகிசுத்தார். "பாட்டில்தான் பிடிக்கல. வெளிம்ப உதட்டுல வெச்சேன், நாக்க நீட்டி நக்கினா. அப்பறம் அத்தனையும் குடிச்சுட்டா. இப்பதான் தூங்கினா." இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, பகலும் தூங்காத கண்கள். அந்தக் கண்களில் அத்தனை சந்தோஷம்.

நானும் சந்தோஷப்பட வேண்டும். படத்தான் செய்தேன். மேலுமலையிலிருந்து இருந்த பதற்றம் அடங்கிவிட்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேறொன்றும் வந்தது. எழுபத்தைந்து கிலோமீட்டர் பதறி வந்திருக்கிறேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை. மார்பு வலி தாங்கவில்லை. ஒரு பாத்திரத்தில் எடுத்துவிட்டுப் படுத்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. அவளைக் கையில் வாங்கி, கன்னத்தைத் தட்டி எழுப்பினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். சிணுங்கினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனாள். கணவர் பார்த்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் நான் பள்ளி வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் டம்ளரில் நன்றாகக் குடிக்கிறாள். வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் பெரும்பாலும் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருப்பாள். பேட்டரிக் கேள்வி கிடக்கட்டும், இதைப் படிக்கும் தாய்மார்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையை அவள் பசிக்காக அல்லாமல் என் மனசுக்காக நான் எழுப்பியது தவறா? நீங்களாக இருந்தால் எழுப்பியிருப்பீர்களா, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பீர்களா?